மாறும் பொருளாதார, சமூக அழுத்தங்களுக்கு இடையே நிறுவன வியூகத் திட்டமிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனத்தின் 3 அல்லது 5 ஆண்டுத் திட்டத்தை எழுதும் பொறுப்பில் இருப்பவர்களும், எழுதியதை வாசித்து ஒப்புதல் தர வேண்டியவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. உற்பத்தி, சேவை, வணிகம் ஆகிய மூன்று துறையினரையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆண்டு பட்ஜெட்டுக்கும் வியூகத் திட்டத்துக்கும் என்ன வேறுபாடு?

வரும் ஆண்டில் எவ்வளவு பணம் வரும், அது எங்கெங்கே செலவாகும் என்ற கணக்கே பட்ஜெட். எந்தச் சந்தையில் நிற்பது, எதிலிருந்து விலகுவது, வாடிக்கையாளர் மற்றவர்களை விட்டுவிட்டு நம்மிடம் ஏன் வர வேண்டும், அப்படி வருவதற்கு எந்தத் திறனை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்ற தெரிவுகளைச் சொல்வது வியூகத் திட்டம். நடைமுறையில் இரண்டும் குழம்பிவிடுகின்றன. ஐந்தாண்டுத் திட்டம் என்ற பெயரில் இயக்குநர் குழுவின் மேசைக்கு வருவதைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த ஆண்டின் பட்ஜெட்டை எக்ஸல் தாளில் வலப்பக்கமாக இழுத்து, ஆண்டுக்கு ஆண்டு ஒரே விழுக்காட்டைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. இந்தத் திட்டப்படி எந்தப் பொருளை, எந்த வாடிக்கையாளர் பிரிவை, எந்த ஊர்க் கிளையை விட்டுவிடப் போகிறோம் என்று ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எதையும் விடாத திட்டம், எதையும் தேர்ந்தெடுக்காத திட்டமே.

எல்லாம் இவ்வளவு வேகமாக மாறும்போது, திட்டமிடுவதில் பயன் இருக்கிறதா?

எதிர்காலத்தைச் சரியாகக் கணிப்பதுதான் திட்டமிடல் என்று எடுத்துக்கொண்டால் பயன் இல்லை. நாம் எதை நம்பி இன்று பணத்தை முடக்குகிறோம் என்பதை எழுதி வைப்பதும், அந்த நம்பிக்கை பொய்க்கும்போது அதை முதலில் கண்டுகொள்வதும்தான் திட்டமிடல் என்று எடுத்துக்கொண்டால், மாற்றம் மிகுந்த காலத்தில்தான் அதன் தேவை கூடுகிறது.

இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிறுவனம், எண்ணெய்த் தொழிலில் உள்ள ஷெல். 1970-களின் தொடக்கத்தில் பியர் வாக் என்பவரின் தலைமையில் அங்கிருந்த திட்டக் குழு, கச்சா எண்ணெய் மலிவாகவே கிடைத்துக்கொண்டிருக்கும் என்ற துறையின் பொது நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தியது. எண்ணெய் வளம் மிக்க நாடுகள் விலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற காட்சியை நிர்வாகிகள் முன்னால் வைத்து விவாதித்தது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை, சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. தடை எந்த நாளில் வரும் என்று ஷெல்லில் எவரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால், அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று அங்கிருந்தவர்கள் முன்பே யோசித்திருந்ததால், மற்ற நிறுவனங்கள் நடப்பது என்னவென்று புரிந்துகொள்ள எடுத்த நேரத்தில் அவர்களால் முடிவெடுக்கத் தொடங்க முடிந்தது. திட்டமிடல் வாங்கித் தருவது இந்த நேரத்தைத்தான்.

பொருளாதார அழுத்தங்களில் எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்?

மூலப்பொருள் விலை, கூலி, வட்டி, நாணய மாற்று விகிதம், தேவை, வரி ஆகியவை எல்லோரும் அறிந்த பட்டியல். இந்தப் பட்டியலைத் தயாரிப்பதில் எவரும் சறுக்குவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, தாங்கும் என்று முடிவு கட்டுவதில்தான் சறுக்குகிறார்கள். அழுத்தங்கள் பெரும்பாலும் கூட்டாகவே வருகின்றன, ஏனென்றால் அவற்றின் வேர் ஒன்றாக இருக்கிறது. பணவீக்கம் மூலப்பொருள் விலையை ஏற்றுகிறது; அதே பணவீக்கத்தால் ஊழியர்கள் கூடுதல் ஊதியம் கேட்கிறார்கள்; அதைக் கட்டுப்படுத்தவே மத்திய வங்கி வட்டியை உயர்த்துகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் விற்பனை 100. அதில் மூலப்பொருளுக்கு 55, ஊதியத்துக்கு 20, பிற செலவுகளுக்கு 13 போகின்றன. கடன் 50, அதற்கு 8 விழுக்காடு வட்டி என்ற வகையில் 4. மிஞ்சும் லாபம் 8. இப்போது மூலப்பொருள் விலை 6 விழுக்காடும், ஊதியம் 5 விழுக்காடும் ஏறுகின்றன. வட்டி விகிதம் 10 விழுக்காடாகிறது. விற்பனை விலையை 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. விற்ற அளவில் மாற்றமில்லை. வரவு 102. செலவு முறையே 58.3, 21, 13, 5. லாபம் 4.7. இவற்றில் எந்த ஒரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் அச்சம் தருவதாக இல்லை, ஆனால் சேர்ந்து வந்தபோது லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. போட்டியாளர் விலையை ஏற்றாமல் இருந்து, நாமும் ஏற்ற முடியாமல் போனால், மிஞ்சுவது 2.7 மட்டுமே. உங்கள் நிறுவனத்தின் எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். அதைச் செய்யாமல் 60 பக்கப் பவர்பாயிண்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் ஏராளம்.

வட்டியைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் வரை பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம், 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 விழுக்காடு என்ற அளவை எட்டியது. குறைந்த வட்டிக் காலத்தில் நீண்டகாலக் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்த சிலிக்கான் வேலி வங்கி, வட்டி ஏறியதும் அவற்றின் சந்தை மதிப்பு சரிந்ததாலும், வைப்பாளர்கள் ஒரே மூச்சில் பணத்தைத் திரும்பக் கேட்டதாலும் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. வங்கித் தொழிலில் இருப்பவர்களுக்கே வட்டி ஏறக்கூடும் என்பது திட்டத்துக்குள் ஏறாமல் போகிறது என்றால், மற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

சமூக அழுத்தங்களை ஏன் வியூகத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்? அது மக்கள் தொடர்புத் துறையின் வேலை அல்லவா?

சமூக அழுத்தம், காலம் தாழ்த்தி வந்து சேரும் பொருளாதாரச் செலவு என்று வைத்துக்கொள்வது நல்லது. முதலில் அது ஒரு முறையீடாக ஒலிக்கும். பிறகு செய்தியாகும். அடுத்து வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையாக நுழையும். கடைசியில் சட்டமாகவோ வரியாகவோ வந்து நிற்கும். முதல் கட்டத்திலேயே கவனித்தால் சரிசெய்யும் செலவு குறைவு, கடைசிக் கட்டம் வரை காத்திருந்தால் அதிகம்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். சுவர்களில் விரிசல் கண்டது அதற்கு முந்தைய நாளே தெரிந்திருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன, மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கிருந்து ஆடை வாங்கிய மேலைநாட்டு நிறுவனங்கள் அதுவரை தொழிற்சாலையின் பாதுகாப்பை ஒப்பந்தக்காரரின் பொறுப்பாகவே பார்த்து வந்தன. விபத்து நடந்த சில வாரங்களில் தொழிற்சங்கங்களுக்கும் ஆடை நிறுவனங்களுக்கும் இடையே, சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடிய பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. பத்து ஆண்டுகள் கழிந்து, 2023 ஜனவரியில் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம், தமக்குச் சரக்கு தருபவர்களிடம் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று கவனிப்பதைப் பெரிய நிறுவனங்களின் கடமையாகவே ஆக்கியது.

கார்பன் விஷயமும் இதே பாதையில்தான் போகிறது. சிமென்ட், இரும்பு, எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவருவோர், அவற்றின் உற்பத்தியில் வெளியான கார்பன் எவ்வளவு என்று அறிக்கை தர வேண்டும் என்ற விதி 2023 அக்டோபரில் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் அதற்குக் கட்டணமும் உண்டு. சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கோரிக்கையாக மட்டும் பார்க்கப்பட்ட ஒன்று, இப்போது ஏற்றுமதியாளரின் அடக்கவிலைக் கணக்கில் ஒரு வரி.

மக்கள்தொகை மாற்றத்தையும் பார்க்க வேண்டுமா? அது மிக மெதுவாக நடப்பதாயிற்றே?

மெதுவாக நடப்பதால்தான் பார்க்க வேண்டும். திட்டத்தில் எழுதும் மற்ற எந்த எண்ணையும் விட இதை அதிக உறுதியுடன் எழுத முடியும். இன்னும் 20 ஆண்டுகளில் முதல் வேலை தேடி வரப்போகிறவர்கள் இன்றே பிறந்துவிட்டார்கள். எத்தனை பேர் என்பது தெரியும். 2023-ல் தென்கொரியாவின் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 0.72. மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்கத் தேவையானது ஏறத்தாழ 2.1. குழந்தைகளுக்கான பொருள், பள்ளிக் கல்வி, வீட்டுக் கடன், முதியோர் பராமரிப்பு என எந்தத் தொழிலில் இருந்தாலும் இந்த எண்ணின் விளைவு வந்து சேரும். இருந்தும் ஐந்தாண்டுத் திட்டங்களில் நாணய மாற்று விகிதத்துக்குப் பத்துப் பக்கமும், பணியாளர்கள் எத்தனை பேர் ஓய்வு பெறப்போகிறார்கள் என்பதற்கு அரைப் பக்கமும் ஒதுக்கப்படுவதைத்தான் பார்க்கிறோம்.

பங்குதாரர்களின் லாபமா, சமூகப் பொறுப்பா? திட்டத்தில் எதை முன்னே வைப்பது?

பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-ல், விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று வாதிட்டார். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் 181 தலைமைச் செயல் அதிகாரிகள், வாடிக்கையாளர், ஊழியர், சரக்கு தருவோர், சுற்றியுள்ள மக்கள், பங்குதாரர் ஆகிய அனைவருக்கும் பொறுப்பேற்பதாகக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திடுவது எளிது. பிரான்சின் உணவுப் பொருள் நிறுவனமான டனோன் 2020 ஜூனில், பங்குதாரர்களின் ஏறத்தாழ ஒருமனதான ஒப்புதலுடன், சமூக நோக்கத்தைத் தன் அமைப்பு விதிகளிலேயே எழுதிக்கொண்டது. ஓராண்டுகூட ஆகவில்லை, போட்டியாளர்களைவிட வருவாயும் பங்கு விலையும் பின்தங்கியதாகச் சில முதலீட்டாளர்கள் நெருக்கியதில், அந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய தலைவர் இமானுவேல் ஃபாபேர் 2021 மார்ச்சில் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

இதிலிருந்து சமூக நோக்கம் வீண் என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. எந்தச் சமூகக் கடமைக்காக எவ்வளவு லாபத்தை, எத்தனை ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கத் தயார் என்பதை எண்ணாக எழுதி, பங்குதாரர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. எண் இல்லாத உறுதிமொழி, முதல் மோசமான காலாண்டிலேயே கைவிடப்படும்.

அனுமானங்களை எப்படி எழுதுவது?

திட்டத்தின் மிக முக்கியமான பக்கம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுவாகத் திட்டங்களில் “பொருளாதாரச் சூழல் சாதகமாக இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது” என்பது போன்ற ஒரு வரி இருக்கும். இதைப் பொய்யென்று எவராலும் எப்போதும் நிரூபிக்க முடியாது. எனவே இதனால் பயனும் இல்லை.

பயனுள்ள அனுமானத்தில் அளக்கக்கூடிய ஒரு கூற்று, அது பொய்யாகிறது என்பதைக் காட்டும் எல்லை, கவனிக்க வேண்டியவரின் பதவி, எல்லை தாண்டினால் எடுக்கவிருக்கும் முடிவு ஆகிய நான்கும் இருக்கும். கற்பனையான ஒரு பதிவைப் பாருங்கள்: “புதிய ஆலையை விரிவுபடுத்தும் முடிவு, நம்முடைய மூன்று பெரிய வாடிக்கையாளர்களும் இப்போது வாங்கும் அளவில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வாங்குவார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு காலாண்டுகளில் எவரேனும் ஒருவரின் ஆணைகள் இதற்குக் கீழே இறங்கினால், விற்பனைப் பிரிவின் தலைவர் 15 நாட்களுக்குள் நிர்வாக இயக்குநருக்குத் தெரிவிப்பார். அப்படி நேர்ந்தால், இரண்டாம் கட்ட இயந்திரங்களுக்கான முன்பணம் செலுத்தப்படாமல் நிறுத்தி வைக்கப்படும்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். என்ன செய்வோம் என்பது, பதற்றமில்லாத ஒரு நாளில், எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்யப்பட்டுவிட்டது. ஆணைகள் குறைந்த பிறகு கூட்டம் போட்டால், இது தற்காலிகமான சரிவுதான், அடுத்த காலாண்டில் சரியாகிவிடும் என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். விரிவாக்கத்தை முன்மொழிந்தவராகவே அவர் இருப்பதற்கும் வாய்ப்புண்டு.

இப்படிப்பட்ட பதிவுகள் எட்டுப் பத்துக்கு மேல் போகக் கூடாது. நாற்பது அனுமானங்களை எழுதி வைத்தால் நான்கைக்கூட எவரும் கவனிக்க மாட்டார்கள்.

எத்தனை எதிர்காலக் காட்சிகளைத் தயாரிக்க வேண்டும்?

நல்லது, நடுத்தரம், கெட்டது என்று மூன்றைத் தயாரித்தால் எல்லோருடைய கண்ணும் நடுவில் இருப்பதிலேயே போய் நிற்கும்; மற்ற இரண்டும் ஒப்புக்குத்தான். இரண்டோ நான்கோ தயாரிப்பது மேல். காட்சிகள் அளவில் மட்டும் வேறுபடாமல், காரணத்திலேயே வேறுபட வேண்டும். விற்பனை 5 விழுக்காடு குறைவது ஒரு காட்சி, 10 விழுக்காடு குறைவது இன்னொரு காட்சி என்பதால் எந்தப் புதிய முடிவும் பிறக்காது.

செலவைக் குறைக்கச் சொல்லும் காலத்தில், கூடுதல் சரக்கிருப்பும் மாற்று வழிகளும் வீண் செலவு இல்லையா?

நிகழ்வு வரும்வரை வீண் செலவாகத்தான் தெரியும். 2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னல் தாக்கிச் சிறிய தீ விபத்து ஏற்பட்டது. சில நிமிடங்களில் அணைந்த தீதான். ஆனால் புகையும் நீரும் சிப் தயாரிக்கத் தூசியே இல்லாமல் வைத்திருக்கும் தூய்மை அறைகளைக் கெடுத்துவிட்டன. கைபேசி தயாரித்த நோக்கியா, எரிக்சன் ஆகிய இரண்டு நிறுவனங்களுமே அந்த ஆலையை நம்பியிருந்தன. தகவல் வந்ததும் நோக்கியா அதை மேல்மட்டம் வரை கொண்டுபோய், மாற்று ஆலைகளைப் பிடித்து, தன் வடிவமைப்பையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது. எரிக்சனில் செய்தி கீழ்மட்டத்திலேயே பல நாட்கள் தங்கிவிட்டது. அவர்களுக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர்.

டொயோட்டா 2011 நிலநடுக்கத்துக்குப் பின்னர், முக்கியமான சிப்களைப் பல மாதங்களுக்குக் கையிருப்பில் வைக்கும்படி தனக்குச் சரக்கு தருவோரைக் கேட்டுக்கொண்டது. தேவைப்படும் நேரத்தில் மட்டும் சரக்கு வரவழைக்கும் முறைக்குப் பெயர்போன நிறுவனம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2021-ன் தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் ஆலைகளை நிறுத்தியபோது, இந்தக் கையிருப்பு அதற்குக் கைகொடுத்தது. ஆனாலும் அதே ஆண்டு செப்டம்பரில் டொயோட்டாவும் தன் உலகளாவிய உற்பத்தித் திட்டத்தை 40 விழுக்காடு குறைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் இருப்பு வைக்கப் பணம் போதாது. எது இல்லாவிட்டால் முழு உற்பத்தியும் நிற்குமோ, எதற்கு மாற்று கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமோ, அதில் மட்டும் வையுங்கள்.

நெருக்கடியில் எல்லாத் துறைகளிலும் சமமாகச் செலவைக் குறைப்பது நியாயமான வழிதானே?

சண்டையைத் தவிர்க்கும் வழி. எல்லோருக்கும் 10 விழுக்காடு என்று அறிவித்துவிட்டால் எந்தத் துறைத் தலைவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வளர வேண்டியதும் மூட வேண்டியதும் ஒரே அளவில் இளைத்துப் போவதுதான் இதன் விளைவு.

1985-ல் இன்டெல் தான் பிறந்து வளர்ந்த நினைவகச் சிப் தொழிலில் ஜப்பானிய நிறுவனங்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது. நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஒருவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்தால் அவர் என்ன செய்வார் என்று இன்டெல்லின் உயர் நிர்வாகி ஆண்டி க்ரோவ் தன் சகாவான கார்டன் மூரிடம் கேட்டார். நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்பது மூரின் பதில். அதை நாமே செய்தால் என்ன என்று முடிவெடுத்து, கணினியின் மூளையாகச் செயல்படும் நுண்செயலிப் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகக் குழுவில் அப்படியே கேட்கலாம். யாரும் பதில் சொல்லத் தயங்கும் துறை எதுவோ, அங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

திட்டத்தை யார் எழுத வேண்டும்? வெளி ஆலோசகர்கள் தேவையா?

செயல்படுத்தப் போகிறவர்களே எழுத வேண்டும். சந்தை விவரம் திரட்டவும், உள்ளே எவரும் சொல்லத் துணியாததைச் சொல்லவும் ஆலோசகர் பயன்படுவார். தெரிவுகளையும் அவரிடமே விட்டுவிட்டால், அவர் போன மறுநாள் திட்டம் அலமாரிக்குப் போகும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வது?

நாட்காட்டியை மட்டும் நம்பக் கூடாது. மேலே சொன்ன அனுமானப் பக்கத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எல்லை தாண்டியது எதுவும் இல்லையென்றால் கூட்டத்தை முடித்துவிடலாம். எல்லை தாண்டிவிட்டால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. முழுத் திட்டத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை திறந்தால் போதும். மாதாமாதம் வியூகத்தை மாற்றிக்கொண்டிருந்தால், எந்த முடிவுக்கும் பலன் தர நேரம் கிடைக்காது.

ஆண்டு பட்ஜெட்டையே கைவிட்டவர்களும் உண்டு. ஸ்வீடனின் ஹான்டல்ஸ்பேங்கன் வங்கி, யான் வாலண்டரின் தலைமையில் 1970-களின் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. நிர்ணயித்த இலக்கை எட்டினோமா என்று பார்ப்பதை விட்டு, மற்ற வங்கிகளையும் சக கிளைகளையும் ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கும் முறைக்கு மாறியது. பொருளாதாரம் எல்லோருக்கும் சேர்ந்து கெட்டாலும் இந்த அளவுகோல் பொருளிழக்காது என்பது இதன் சிறப்பு. எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஒப்பிடத் தகுந்த கிளைகளோ போட்டியாளர்களின் வெளிப்படையான கணக்குகளோ இல்லாத இடத்தில் இது நடக்காது.

சிறிய நிறுவனத்துக்கு இவ்வளவும் தேவையா?

நான்கு பக்கம் போதும். என்ன விற்கிறோம், யாருக்கு விற்கிறோம், எதை விடுகிறோம் என்பது ஒரு பக்கம். மேலே காட்டிய லாபக் கணக்கு ஒரு பக்கம். அனுமானங்கள் ஒரு பக்கம். வருமானமே வராவிட்டால் கையிலுள்ள பணம் எத்தனை வாரம் தாங்கும் என்பது ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தை வாராவாரம் புதுப்பிக்க வேண்டும்.

திட்டத்தை ஊழியர்களிடம் எவ்வளவு பகிர்ந்துகொள்வது?

போட்டியாளர் கையில் சிக்கினால் கேடு தரும் விலை விவரங்களும், கையெழுத்தாகாத ஒப்பந்தங்களும் தவிர மற்றவற்றைச் சொல்லிவிடலாம். குறிப்பாக அனுமானப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரிய வாடிக்கையாளரின் கொள்முதல் அதிகாரி மாறிவிட்டார் என்பதும், அவர்கள் வேறோர் இடத்தில் மாதிரி கேட்டிருக்கிறார்கள் என்பதும் சரக்கு அனுப்பும் எழுத்தருக்கும் கள விற்பனையாளருக்கும்தான் முதலில் தெரியவரும். அந்தத் தகவல் நிறுவனத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அன்று மாலையே மேலே சொல்வார். ஆட்குறைப்பு திட்டத்தில் இருக்கிறது என்றால், எந்த நிலை வந்தால் அது நடக்கும், எந்த நிலை வரை நடக்காது என்பதையும் நிர்வாகமே நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் வதந்தி அந்த இடத்தை நிரப்பும். வேறு இடத்தில் எளிதாக வேலை கிடைக்கக்கூடியவர்கள்தான், அதாவது இழக்க விரும்பாதவர்கள்தான், முதலில் விலகிப் போவார்கள்.